அடுப்பு நம்முடையது; நெருப்பு யாருடையது?

வீடு நம்முடையது. அடுப்பு நம்முடையது. அடுப்பின்மீது ஏறியிருக்கும் பானையும், பானையிலே கிடக்கும் அரிசியும் நம்முடையவை. ஆனால் அடுப்பை மூட்டும் நெருப்பு மட்டும் பக்கத்து வீட்டுக்காரனிடம் இருக்கிறது. அவன் சிரித்தால் சோறு வேகும். சினந்தால் அரிசி அரிசியாகவே கிடக்கும். இப்படிப்பட்ட குடும்பத்தை யாரேனும் வளமான குடும்பம் என்று அழைப்பார்களா? அழைத்தார்கள், தோழர்களே! ஆண்டுக் கணக்கில் அழைத்தார்கள். அந்தக் குடும்பத்தின் பெயர் ஜெர்மனி.

ஐரோப்பாவின் தொழிற்கூடம் என்று பெயர் பெற்ற நாடு அது. எஃகு என்றால் ஜெர்மனி. இயந்திரம் என்றால் ஜெர்மனி. இரசாயனம் என்றால் ஜெர்மனி. அத்தகைய நாடு 2021-ல் இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேற்பட்டது ருஷ்யாவிலிருந்து வந்தது. பால்டிக் கடலின் அடியிலே 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய்த்தொடர் ஒன்றை 2011-ல் திறந்தார்கள். அது போதாதென்று அதன் பக்கத்திலேயே இரண்டாவது தொடரையும் 2021-ல் கட்டி முடித்தார்கள்.

2022 பிப்ரவரி 24. ருஷ்யப் படைகள் உக்ரைன் நாட்டுக்குள் பாய்ந்தன. ஜெர்மனி உக்ரைன் பக்கம் நின்றது. பிறகு நடந்தது என்ன? கோடையிலே குழாயில் வந்த வாயு குறைந்தது, மேலும் குறைந்தது, செப்டம்பர் தொடக்கத்தில் அறவே நின்றது. செப்டம்பர் 26 அன்று கடலுக்கடியில் வெடிப்பு! நான்கு குழாய்களில் மூன்று சிதைந்தன. இரண்டாவது தொடரோ, ஒரு வீட்டு அடுப்பையேனும் எரிக்காமலே கடலடியில் கிடக்கிறது.

ஐரோப்பியச் சந்தையிலே, ஆண்டுக் கணக்காக மெகாவாட்-மணிக்கு ஏறத்தாழ 20 யூரோ என்றிருந்த எரிவாயு விலை 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டிற்று. மக்களும் ஆலைகளும் மூழ்கிவிடாமல் காப்பாற்ற 20,000 கோடி யூரோ வரை செலவிடத் தயார் என்று ஜெர்மன் சர்க்கார் அறிவித்தது. அப்படியும் பாதுகாப்பு முழுமையாகக் கிடைத்ததா? ரைன் ஆற்றங்கரையில் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் இருக்கும் மாபெரும் இரசாயன ஆலையிலே அம்மோனியாப் பிரிவு ஒன்று மூடப்படும் என்று 2023-ல் அறிவித்தார்கள். குழாயை எங்கே போடுவது என்று அந்தத் தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. குழாய் நின்றபோது வேலை மட்டும் அவனுடையது போயிற்று!

"ஜெர்மானியர் அவ்வளவு ஏமாளிகளா?" என்று தேநீர்க் கடையிலே இந்த ஏட்டை விரித்துப் படிக்கும் தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவர்கள் ஏமாளிகள் அல்லர். 1970-ல் மேற்கு ஜெர்மனி எஃகுக் குழாய் கொடுப்பது, சோவியத் நாடு எரிவாயு கொடுப்பது என்று ஒப்பந்தம் ஏற்பட்டது. இரு முகாம்களும் ஏவுகணைகளை நீட்டிக்கொண்டு நின்ற காலத்திலும் அந்த வாணிபம் ஓய்ந்துவிடவில்லை. பல ஆண்டுப் பழக்கம் நம்பிக்கையாயிற்று. நம்பிக்கை நாளடைவில் தூக்கமாயிற்று.

வாங்கியது குற்றமன்று. ஒருவனிடமே பெரும்பங்கை வாங்கியது குற்றம். கப்பலில் வரும் எரிவாயுவை இறக்கிக்கொள்ள ஒரு துறையேனும் கட்டிவைத்தார்களா? 2022 டிசம்பர் வரை ஜெர்மன் மண்ணில் அப்படி ஒரு துறையும் கிடையாது. முதல் துறை வில்ஹெல்ம்ஸ்ஹாஃபெனில் திறக்கப்பட்டது தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகுதான். இன்னும் விந்தை கேளுங்கள். ரேடன் என்ற ஊரிலே நிலத்தடியில் மாபெரும் எரிவாயுக் களஞ்சியம் உண்டு. ஜெர்மனியின் சேமிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கே அடங்கும். 2015-ல் அது ருஷ்ய நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2021 குளிர்காலம் வந்தபோது களஞ்சியம் ஏறத்தாழக் காலி! நெல் விற்பவனிடமே நம் வீட்டுக் குதிரின் சாவியையும் கொடுத்தால், பஞ்ச காலத்தில் குதிர் நிறைந்தா இருக்கும்?

இந்தப் பாடம் புதியதன்று. முதல் உலகப் போருக்கு முன்பே பிரிட்டன் தன் போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றியது. நிலக்கரி சொந்த மண்ணில் இருந்தது. எண்ணெயோ கடல் கடந்து வரவேண்டும். பாதுகாப்புக்கு என்ன வழி? பல இடங்களிலிருந்து வாங்குவது ஒன்றே வழி என்று 1913-ல் பாராளுமன்றத்தில் சர்ச்சில் சொன்னார். சொன்னது சரி. செய்தது? 1914-ல் பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை பிரிட்டிஷ் சர்க்கார் வாங்கிற்று. 1951-ல் ஈரான், "எங்கள் மண்ணின் எண்ணெய் எங்களுக்கே" என்று அந்தத் தொழிலை நாட்டுடைமையாக்கியபோது, அந்த மக்களின் பிரதமர் மொசாதேக் 1953-ல் கவிழ்க்கப்பட்டார். கவிழ்த்ததில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் கை இருந்தது. வலியவன் தன் அடுப்புக்குப் பாதுகாப்பு தேடினால், எளியவன் வீட்டுக் கூரை பற்றி எரிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1973 அக்டோபரில் காட்சி மாறிற்று. அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. ஒரு பீப்பாய் 3 டாலர் அளவில் விற்ற எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை எட்டிற்று. அந்த அடிக்குப் பிறகுதான் 1974-ல் பணக்கார நாடுகள் கூடி உலக எரிசக்தி முகமை என்ற அமைப்பைக் கண்டன. இறக்குமதியில் 90 நாள் அளவுக்கு எண்ணெயைச் சேமித்து வைப்பது கடமை என்றன. ஆனாலும் ஆபத்து அகன்றதா? ஓர்முசு நீரிணை என்ற கடல்வாசல், குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் அகலந்தான். 2024-ல் அதன் வழியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய் சென்றது. உலகம் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு!

சரி, எண்ணெயும் வேண்டாம், எரிவாயுவும் வேண்டாம், வேறு எது? ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

நிலக்கரி? பல நாடுகளிலே சொந்த மண்ணில் கிடைக்கிறது. அடுத்தவன் தயவு வேண்டியதில்லை. ஆனால் அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் பிணவாடை அடிக்கிறது. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை இலண்டன் மாநகரைச் சூழ்ந்தது; ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1966 அக்டோபர் 21 அன்று வேல்சு நாட்டு அபர்வானில், சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின்மீது விழுந்தது. மாண்டவர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள்! 2014-ல் துருக்கியின் சோமா சுரங்கத்தில் 301 தொழிலாளர்கள் மடிந்தனர். பூமியின் சூட்டை ஏற்றும் கரியமிலவாயுவை மிகுதியாகக் கக்குவதும் இதுவே. எரிவாயு நின்ற 2022-ல் ஜெர்மனி, மூடி வைத்திருந்த நிலக்கரி நிலையங்களை மறுபடி மூட்டியது. பழுப்பு நிலக்கரிக்காக லுட்சராட் என்ற சிற்றூரை 2023 சனவரியில் போலீசைக் கொண்டு காலி செய்தார்கள். பழுப்பு நிலக்கரி நமக்கு அந்நியமா? அதே 2023-ல், ஜூலை மாதத்தில், நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின்மீதே இயந்திரங்கள் ஏறினவே! அங்கே ஓர் ஊர். இங்கே ஒரு வயல். நிலம் வேறு; நெஞ்சின் எரிச்சல் ஒன்றே.

அணு? புகை இல்லை; சிறு எடையில் பெரும் ஆற்றல். 1973 அடிக்குப் பிறகு பிரான்சு இந்த வழியில் சென்று மின்சாரத்தின் பெரும்பகுதியை அணுவுலையில் ஆக்கிக்கொண்டது. ஆனால் 1986-ல் செர்னோபில்; 2011-ல் புகுசிமா. கழிவையோ தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்கவேண்டும். விபத்து இல்லாத நாட்டிலும் கவலை இல்லாமல் இல்லை. 2022-ல் பிரான்சின் உலைக் குழாய்களில் அரிப்பு கண்டுபிடிக்கப்பட்டுப் பல உலைகள் நிறுத்தப்பட்டன. மின்சாரத்தை விற்கும் பிரான்சு, அந்த ஆண்டு வாங்கும் பிரான்சு ஆயிற்று.

நீர்? ஆப்பிரிக்காவிலே சாம்பேசி ஆற்றில் கரிபா அணையைக் கட்டியபோது டோங்கா மக்கள் ஏறத்தாழ 57,000 பேர் தங்கள் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டனர். அணை எழுந்தது. 2024-ல் வானம் பொய்த்தது, நீர் வற்றியது, ஜாம்பியா நாடு பல மணி நேரம் இருளில் கிடந்தது.

கதிரவனும் காற்றும்? இரவில் கதிரவன் இல்லை. எல்லா நாளும் காற்று இல்லை. மின்கலமும் நெடுந்தொலைவு மின்பாதையும் இருந்தாலன்றி முழுப் பயன் இல்லை. சூரியத் தகடு ஆக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவின் கையில் என்று உலக எரிசக்தி முகமை 2022-ல் கணக்குக் காட்டியது. மின்கலத்துக்கான கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ மண்ணைத் தோண்டி வருகிறது. தோண்டும் கைகளில் பிஞ்சுக் கைகளும் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. எரிவாயுக்காரன் கதவடைத்தால் அடுப்பு அன்றே அணையும். தகடு விற்றவன் கதவடைத்தால், நம் கூரைமேல் ஏற்கெனவே இருக்கும் தகடு எரிந்துகொண்டேதான் இருக்கும். முன்னது அன்றாடக் கூலி. பின்னது வாங்கிப் போட்ட கருவி. எது மேல் என்று தொழிலாளிக்கு நாம் சொல்லித் தரவேண்டுமா?

குறையில்லாத நெருப்பு எதுவுமே இல்லை. ஆகவே "எந்த எரிபொருள்?" என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். திருகு யார் கையில்? சாம்பல் யார் தலையில்? இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஜெர்மனி குளிரில் உறையவில்லை என்று பெருமை பேசுகிறார்கள். உண்மைதான். எப்படித் தப்பினார்கள்? சிக்கனத்தால், நிலக்கரியால், பணத்தால்! உலகச் சந்தையில் வந்த எரிவாயுக் கப்பல்களை எந்த விலைக்கும் வாங்க ஐரோப்பா முன்வந்தது. 2022 ஜூலையில் பாகிஸ்தான் கப்பல் கேட்டு ஏலம் விட்டது. கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அதே மாதம் வங்காள தேசம், விலை தாளாமல் சந்தையில் எரிவாயு வாங்குவதையே நிறுத்தியது, மின்வெட்டை அறிவித்தது. பெர்லினில் விளக்கு எரிந்தது. டாக்காவில் தையல் இயந்திரம் நின்றது. ஒருவன் பாதுகாப்பு இன்னொருவன் இருட்டு என்றால், அதற்குப் பெயர் பாதுகாப்பா, பறிப்பா?

வழி என்ன? நாம் சொல்வது நான்கு. வாசல் பலவாக இருக்கட்டும். எந்த ஒருவனிடமும் பாதி அடுப்பை அடகு வைக்காதீர். குதிரும் சாவியும் மக்கள் சர்க்காரின் கையில் இருக்கட்டும். வீணாகும் நெருப்பை மிச்சம் பிடியுங்கள். எரிக்காத எண்ணெய்க்கு எவனும் விலை ஏற்ற முடியாது. நான்காவது, மாற்றம் வரும்போது அதன் சுமை உழைப்பவன் தலையில் விழாதிருக்கட்டும்.

நான்காவது நடக்காத கனவு என்று நகைப்போருக்கு இரண்டு காட்சிகள். பிரிட்டனில் சுரங்கங்களை மூடத் துணிந்தபோது 1984 முதல் 1985 வரை ஓராண்டுக் காலம் தொழிலாளர் போராடினர். சர்க்கார் அவர்களை முறியடித்தது. ஊர் ஊராகச் சுரங்கங்கள் மூடப்பட்டன, பிழைப்பும் போயிற்று. அதே ஜெர்மனியில், 2007-ல் நாள் குறித்து, தொழிற்சங்கத்தோடு பேசி, ஓய்வூதியமும் மாற்று வேலையும் தந்து, 2018 டிசம்பரில் பொட்ராப் நகரின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். கட்டாய ஆட்குறைப்பு இல்லாமலே முடித்தார்கள். நிலக்கரி ஒன்று, முடிவு இரண்டு. வேறுபாடு மண்ணிலே இல்லை. ஆள்வோர் மனத்திலே இருந்தது.

குழாய் பதிக்கும்போதும் தொழிலாளியைக் கேள். குழாயை அடைக்கும்போதும் தொழிலாளியைக் கேள். கேட்காத நாட்டில் நெருப்பு இருக்கலாம், வெளிச்சம் இருக்காது!