எல்லாத் தவறுகளையும் ஒரே தடவையில் சொன்னால் என்ன?

இன்டர்நெட்டில் ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, சப்மிட் பட்டனைக் க்ளிக் செய்கிறீர்கள். 'பின்கோடு தவறு' என்று செய்தி வருகிறது. திருத்தினால், 'செல்போன் எண் தவறு' என்கிறது. அதையும் திருத்தினால், 'போட்டோவின் அளவு அதிகம்' என்கிறது. மூன்றையும் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்றால் இது வெறும் எரிச்சல் இல்லை, வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

தவறு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. என் போன்ற புரோகிராமர்கள் சோதனைகளை அடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. முதல் சோதனை தேறினால்தான் அடுத்தது நடக்கும் என்று எழுதிவிடுகிறோம்.

இதற்கு நல்ல தீர்வு ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் உண்டு. இந்த முறையில் ஃபங்ஷன் என்பது கணக்கு மாதிரி. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடைதான். ஃபைலைப் படிப்பது, பிழையைத் தெரிவிப்பது போன்ற மற்ற வேலைகள் பக்க விளைவுகள். ஹாஸ்கெல் மொழியில் இவற்றை இணைக்க இரண்டு வழிகள் முக்கியமானவை.

முதல் வழி மோனட். முந்தைய வேலையின் விடையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை எது என்று முடிவு செய்யும். இரண்டாவது அப்ளிகேட்டிவ் ஃபங்டர். ஒன்றையொன்று சாராத வேலைகளைச் செய்து, விடைகளைக் கடைசியில் ஒரே ஃபங்ஷனிடம் கொடுக்கும். புளி வாங்கி வந்த பிறகு மிளகாய்க்காக மறுபடி கடைக்கு நடப்பதற்கும், முழு மளிகை லிஸ்டையும் கடைக்காரரிடம் நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

கானர் மெக்பிரைட், ராஸ் பேட்டர்சன் இருவரும் 2008-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்கினார்கள். இரண்டு அப்ளிகேட்டிவ்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாலும் கிடைப்பது அப்ளிகேட்டிவ்தான். மோனட்களுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. ஃபேஸ்புக் 2014-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட ஹேக்ஸல், இதே கருத்தைக் கொண்டு ஒன்றையொன்று சாராத தகவல் கோரிக்கைகளை ஒரே சமயத்தில் அனுப்புகிறது.

ஒரு எச்சரிக்கை. ஹாஸ்கெலில் பிழைகளுக்கு வழக்கமாகப் பயன்படும் ஐதர், முதல் தவறிலேயே நின்றுவிடும். தவறுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் வேலிடேஷன் என்ற வகைதான் இங்கே தேவை. அது அப்ளிகேட்டிவ், ஆனால் மோனட் அல்ல.

அதற்காக மோனட் வேண்டாம் என்று சொல்லவில்லை. செல்போன் எண் சரியாக இருந்தால்தானே ஓடிபி அனுப்ப முடியும்? அங்கே வரிசை அவசியம். ஆனால் பின்கோடுக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்?

பெயரைக் கேட்டு மிரண்டு, 'இது கணித மேதைகளுக்கு மட்டும்' என்று மாணவர்கள் ஒதுங்க வேண்டாம். ஜாவா, பிஹெச்பி எதில் எழுதினாலும் சரி. ஒவ்வொரு சோதனைக்கும் முன் 'இது முந்தையதை நம்பி இருக்கிறதா?' என்று கேளுங்கள். இல்லை என்றால், தவறுகளை ஒரு லிஸ்டில் சேர்த்து மொத்தமாகக் காட்டுங்கள். புரோகிராமருக்குக் கூடுதலாகச் சில வரிகள். விண்ணப்பிப்பவருக்கோ பல நிமிடங்கள் மிச்சம்.