கரை காட்டும் குறிகள்

நசரத்பேட்டைக்கு அணித்தேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி நீர்மட்டமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடையது. அதன் நெடுங்கரை மண்ணால் ஆனது. 2015 டிசம்பர் முதல் நாள் வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை மக்கள் பட்ட துயரை மறப்பதற்கில்லை. கரை உடையாமலே அத்துணைத் துன்பமெனில், உடைந்தால் என்னாகும்? 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது; பொறியாளர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. ஆயினும், "அது சர்க்கார் வேலை" என்று நாம் வாளாவிருத்தல் தகாது. கரையடியில் கசியும் நீர் தெளிந்திருப்பின் அளவைக் குறித்து வரலாம். கலங்கி வருமாயின் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்பது பொருள். அக்கணமே அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். வெடிப்பு, சரிவு, எலிவளை, மரவேர் ஆகியனவும் அபாயக் குறிகளே. மேற்பார்வைக்கு வரும் பொறியாளருக்கு முன்னரே, நாள்தோறும் கரைமீது நடக்கும் உழவர் இவற்றைக் காண்பர். ஆனால் காண்பது வேறு, அறிவது வேறு.

ஆதலின், ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், நீர்வளத் துறைப் பொறியாளரைக் கொண்டு ஒரு நாள் கரைப் பயிற்சி நடத்தச் சங்கங்கள் முன்வருதல் வேண்டும். நெசவாள அங்கத்தினரும் இதில் சேர்தல் அவசியம். வெள்ளம் வயலென்றும் தறிக்குழியென்றும் வேற்றுமை பாராது.