கோயில் வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போகாதீர்கள், உள்ளே வந்து சொல்லுங்கள்

குனோங் ராபாட் வட்டாரப் பக்தர்களுக்கும், வெளியூர்ல இருந்து நம்ம பக்கத்தைப் பார்க்கிற உறவுகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. இது நிர்வாகத்தோட அறிக்கை இல்லை. மடப்பள்ளியிலும் வாசலிலும் வேலை செய்யுற தொண்டர்கள் நாங்க கூடிப் பேசி எழுதுற கருத்து.

கோயில் வாசலில் பூனைக்குட்டி, நாய்க்குட்டி வந்து கிடப்பது புதுசில்லை. இப்போ கினி பிக்கும் வருது. மலாய்ல திக்குஸ் பெலாண்டா என்பாங்களே, அதுதான். பிள்ளைகள் கேட்டாங்கன்னு கடையில் வாங்குறது, நாலைந்து மாதத்தில் அலுத்துப் போறது, வயிறு உப்ப ஆரம்பிச்சதும் பயந்து அட்டைப் பெட்டியில் வைத்து கோயில் வாசலில் விடுறது. "சாமி பார்த்துக்குவாரு" என்று ஒரு நினைப்பு.

இதை ஒட்டி இன்னொரு பேச்சும் ஓடுது. பிள்ளையார் வாகனம் மாதிரியே இருக்கு, கோயில் பின்புறம் ஒரு கூண்டு கட்டி அங்கேயே வளர்த்தால் என்ன, தேவார வகுப்புக்கு வர்ற பிள்ளைகளுக்கும் சந்தோஷமா இருக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறாங்க. ஆனாலும் நாங்கள் இதற்கு உடன்படவில்லை.

நம்ம ஊர்க்காரங்களுக்கு கோயிலில் ஜீவன்களைப் பார்த்துப் பழக்கம். சாம் போ தோங் குகைக் கோயிலின் ஆமைக் குளத்துக்குப் போய் கங்கோங் கீரை போடாத பிள்ளை இங்கே இருக்காது. ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையில் அங்கே ஆமை கொண்டுபோய் விடுகிற வழக்கமும் இருந்தது. அதைப் பற்றிப் பேச நாங்கள் வரவில்லை. ஆமைக்கு நம்ம வெயிலும் மழையும் பழகினது. கினி பிக் அப்படி இல்லை. அது தென் அமெரிக்காவில், பெரு நாட்டுப் பக்கம் ஆண்டீஸ் மலையில் ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் வளர்த்த பிராணி. குளிர் தாங்கும், சூடு தாங்காது. 28 டிகிரிக்கு மேலே போனாலே அதற்குக் கஷ்டம் தொடங்கிடும். ஈப்போவில் மத்தியானம் 33 டிகிரி சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே கூண்டு கட்டினால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதிலும் சினையா இருக்கிற பிராணி.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்ம தாத்தா பாட்டிக்கு ஆடு, மாடு சினைப்பட்டால் என்ன செய்யணும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மடி இறங்குறதைப் பார்த்தே நாள் சொல்லுவாங்க. அந்தக் கை அனுபவம் இந்தப் பிராணியிடம் செல்லாது. அதனால்தான் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவா எழுதுறோம்.

கினி பிக்கின் சினைக்காலம் 59 நாளிலிருந்து 72 நாள் வரை. எலி மாதிரி மூன்று வாரத்தில் முடிகிற விஷயம் இல்லை. பொதுவா இரண்டிலிருந்து நாலு குட்டி போடும். ஒவ்வொன்றும் 60 கிராமிலிருந்து 100 கிராம் வரை இருக்கும். ஒரு கிலோ கூட இல்லாத தாய் வயிற்றில் இவ்வளவும் வளரணும். கடைசி வாரங்களில் தாயின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். குட்டிகள் கண் திறந்து, முடி முளைத்து, பல்லோடு பிறக்கும். பிறந்த சில மணி நேரத்தில் ஓடும், முதல் நாளே புல்லைக் கடித்துப் பார்க்கும். பார்க்க அழகு. ஆனால் அவ்வளவு வளர்ந்த குட்டியை வெளியே தள்ளுவது தாய்க்கு லேசான காரியம் இல்லை.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. பிரசவத்துக்கு முன் தாயின் இடுப்பெலும்பு முன்பக்கம் சேருகிற இடம் இளகி, ஒரு விரல் அகலத்துக்கு விரியணும். ஆறு, ஏழு மாத வயசுக்குள் முதல் பிரசவம் நடந்திருந்தால் அது விரியும். அந்த வயசு தாண்டி முதல் முறை சினைப்பட்டால் அந்த இடம் இறுகிப் போயிருக்கும், குட்டி வெளியே வர வழி இருக்காது. அறுவை சிகிச்சை செய்தாலும் தாய் பிழைப்பது உறுதியில்லை. அப்போ மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் அவர் கேட்கிற முதல் கேள்வி என்னவா இருக்கும்? வயசு என்ன, இது முதல் ஈத்தா, ஆணோடு எப்போ சேர்ந்தது. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு இருட்டில் போன புண்ணியவானுக்குத்தான் அது தெரியும். பெட்டியைப் பார்த்து நாங்கள் என்னத்தைச் சொல்ல?

எங்களுக்குக் கோபம் வருவது அதில்தான். முடியவில்லை என்று கொடுக்கிறவர் மேல் கோபம் இல்லை. வேலை போயிருக்கும், வீடு மாறியிருப்பாங்க, குழந்தைக்கு ஒத்துக்காமல் போயிருக்கும், ஆயிரம் காரணம். ஆனால் உள்ளே வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, "அக்கா, இது எட்டு மாசம், போன மாசம் வரைக்கும் ஆணோட ஒரே கூண்டுல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனால் ஓர் உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு. உங்களை யாரும் திட்டமாட்டோம். பேர் கூடக் கேட்கமாட்டோம்.

இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டுப் போனால் இன்னும் மோசம். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினைப்படத் தயாராகிவிடும். பக்கத்தில் ஆண் இருந்தால் அன்றைக்கே அடுத்த ஈத்து ஆரம்பம். ஈத்துக்கு மூன்று குட்டி என்று வைத்தால் கூட ஒரு தாயிடமிருந்து வருஷத்துக்கு 15 குட்டி. பெண் குட்டி நாலு வாரத்திலேயே சினைப்படக்கூடியது, ஆகையால் மூன்று வாரம் ஆனதும் ஆண் குட்டிகளைப் பிரிச்சே ஆகணும். கூண்டு கட்டலாம் என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீங்களா? இரண்டாவது வருஷம் அந்தக் கூண்டில் இடம் இருக்குமா?

சாப்பாடு இன்னொரு தலைவலி. பக்தர்கள் பாசத்தில் பால் ஊத்துவாங்க, பொங்கல் வைப்பாங்க, சுண்டல் போடுவாங்க. எதுவும் ஆகாது. ராஜஸ்தான் கர்ணி மாதா கோயிலில் எலிக்குப் பால் வைக்கிறாங்களே என்று கேட்கலாம். அது எலி, எதையும் தின்னும். கினி பிக் புல் மட்டுமே தின்று வாழும் பிராணி, பாலும் சர்க்கரையும் அதன் குடலைக் கெடுத்துவிடும். நாள் முழுக்க காய்ந்த புல் இருக்கணும், சுத்தமான தண்ணி இருக்கணும். மனுஷனைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்காது, சாப்பாட்டில்தான் கிடைக்கணும். சினைக்காலத்தில் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு வேணும். குடைமிளகாய் துண்டு, கொஞ்சம் கொய்யா, இதெல்லாம் நல்லது. முயல் தீவனம் போதும் என்று கடையில் சொன்னால் நம்பாதீங்க, அதில் இந்தச் சத்து சேர்த்திருக்கமாட்டாங்க. ஒரு நல்ல செய்தி: பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல் இதற்கும் ஆகும். புல்லுக்கு மருந்து அடிக்காத இடத்துப் புல்லா இருக்கணும், நல்லா அலசிக் கொடுக்கணும். சாத்தி வாடிப்போன மாலையைப் போடாதீங்க. விபூதி, குங்குமம் பூசாதீங்க, நக்கி வயிற்றுக்குள் போகும். சாம்பிராணிப் புகையும் அதன் நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் மிச்சம் இருக்கிற அமோக்சிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கவே கூடாது, குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று பிராணியையே கொன்றுவிடும்.

இப்போ உங்க வீட்டிலேயே சினையா ஒன்று இருந்தால்: ஆணைப் பிரிச்சிடுங்க. கடைசி இரண்டு வாரம் தூக்காதீங்க, தூக்கியே ஆகணும்னா அடியில் கை கொடுத்து, வயிறு நசுங்காமல் தூக்குங்க. இடம் மாத்தாதீங்க. பயமும் அலைச்சலும் சேர்ந்து சாப்பாட்டை நிறுத்தினால் உடம்பில் விஷம் ஏறுகிற ஒரு நோய் வரும். குண்டா இருக்கிற தாய்க்கு அது சீக்கிரம் வரும். அரை நாள் சாப்பிடாவிட்டாலே மருத்துவரிடம் போகணும், நாளைக்குப் பார்ப்போம் என்கிற கதை வேண்டாம். வெயில் நேரத்தில் ஐஸ் கட்டின தண்ணி பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டுப் பக்கத்தில் வைங்க. பிரசவம் சரியா நடந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நாம ஒதுங்கி நிற்பதே உதவி. 20 நிமிஷம் முக்கியும் குட்டி வரலைன்னா, ரத்தம் நிற்காமல் போனால், உடனே கிளம்புங்க. எல்லா கிளினிக்கிலும் இதைப் பார்க்கமாட்டாங்க. முயல், கினி பிக் பார்க்கிற மருத்துவர் யார் என்று முன்கூட்டியே போன் பண்ணி விசாரித்து வைங்க. தாய் இறந்துவிட்டால் குட்டிகளைக் கைவிடாதீங்க. நனைத்த தீவனமும் மெல்லிய புல்லும் அதுங்களே தின்னப் பழகும். மல்லாத்திப் போட்டு வாயில் எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள் போயிடும்.

நம்ம சமயத்தில் பிரசவத்துக்கும் தாயில்லாத குட்டிக்கும் எவ்வளவு பெரிய இடம் கொடுத்திருக்காங்க என்று பாருங்க. காவிரியில் வெள்ளம் வந்து தாயால் வர முடியாதபோது, ரத்னாவதிக்குத் தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தவர் திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர். திருவிளையாடற் புராணத்தில் தாய்ப்பன்றி வேட்டையில் இறந்து போக, தவித்த பன்னிரண்டு குட்டிகளுக்குச் சோமசுந்தரரே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார். அதற்கென்றே தனிப் படலம் இருக்கு. வகுப்பில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகள் கண் முன்னாலேயே சினைப் பிராணியைச் சிமெண்டுத் தரையில் விட்டுப் போனால், சாமி பார்த்துக்குவார் என்பதற்கு அவங்க என்ன அர்த்தம் எடுத்துக்குவாங்க?

சட்டமும் இருக்கு. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கிறவருக்கு அதன் தேவைகளைக் கவனிக்கிற கடமை உண்டு. கொடுமை நிரூபணமானால் 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். கோயில் கூண்டு கட்டினால் வளர்க்கிறவர் கோயில்தான். தைப்பூசத்தில் உறுமி அடிக்கிற நேரத்தில் சினைப் பிராணி பயந்து செத்தால் பதில் சொல்ல வேண்டியதும் கோயில்தான்.

அப்போ வாசலில் வந்ததைச் சாகவிடுவதா என்று கேட்பீங்க. இல்லை. வந்ததை அன்றைக்கே ஒரு வீட்டுக்கு அனுப்புவதுதான் எங்கள் வழி. அதற்கு வீடுகள் வேணும். வெயில் படாத அறை, வீட்டில் பூனை நாய் தொல்லை இல்லாமை, பகலில் ஒரு ஆள் இருப்பது, இவ்வளவு போதும். மூன்று மாதம் வைத்துக்கொள்ள முடியும் என்றாலும் பேர் கொடுங்க. புல்லுக்கும் தீவனத்துக்கும் நாங்கள் பணம் சேர்த்துத் தருகிறோம். பழைய துண்டுகள் இருந்தால் துவைத்துக் கொண்டுவாங்க.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கூண்டு விஷயம் வந்தால் நாங்கள் வேண்டாம் என்றுதான் கை தூக்குவோம். வேணும் என்கிறவர்கள் தாராளமாப் பேசலாம். வரும்போது ஒரு பட்டியலோடு வாங்க: திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, கோயில் நடை சாத்தியிருக்கும்போது, தண்ணி மாத்த யார் வருவாங்க, செவ்வாய்க்கு யார், புதனுக்கு யார் என்று.