புகைக்கு சர்ட்டிஃபிகேட் இருக்கு... பிரேக்குக்கு? காரைக்கால் ரைடர்ஸ் கவனிக்க வேண்டிய 2 மில்லிமீட்டர் விஷயம்!

சனிக்கிழமை காலையில் காரைக்காலில் இருந்து திருநள்ளாறு போற ரோட்டுல பைக் ஓட்டியிருக்கீங்களா? வெளியூர் வேன்கள், பழக்கமில்லாத டிரைவர்கள், திடீர்னு ரோட்டைக் கடக்கிற பக்தர்கள். முன்னாடி போற வேன் சட்டுனு நிக்குது. உங்க வலது கை விரல்கள் தானாவே லிவரை அழுத்துது. அந்த நொடியில் உங்களுக்கும் வேனோட பம்பருக்கும் நடுவுல நிக்கிறது ஒரே ஒரு பொருள்தான்: பிரேக் பேட். புதுசா இருக்கும்போதே அதோட உராய்வுப் பகுதி சில மில்லிமீட்டர் தடிமன்தான். அது இப்போ எவ்வளவு மிச்சம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

பெரும்பாலான பேருக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துறதும் இல்லை. பிரச்னையே அங்கதான் ஆரம்பிக்குது.

சட்டம் எங்கே பார்க்குது?

பிரேக் பத்தி அரசு கவலைப்படலைன்னு சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் 1-ல் இருந்து 125 சி.சி-க்கு மேற்பட்ட எல்லா புது பைக்குகளுக்கும் ஏ.பி.எஸ் கட்டாயம். அதுக்குக் கீழே உள்ள வண்டிகளுக்கு ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சி.பி.எஸ் இருந்தால் போதும். 2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இன்னும் ஒரு படி மேலே போய் ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் தயாராகும் சின்ன பைக், ஸ்கூட்டருக்கும் ஏ.பி.எஸ் வேணும், வண்டி வாங்கும்போது ரெண்டு ஹெல்மெட் கொடுக்கணும் என்றது அந்த வரைவு. 'விலை ஏறிடுமே' என்று உடனே விவாதமும் கிளம்பியது.

அரசு ஏன் இதுல தீவிரமா இருக்குன்னு புரிஞ்சுக்க ஒரு வருஷக் கணக்கு போதும். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவிகிதம் பேர் டூ-வீலரில் போனவர்கள்.

சரி, ஏ.பி.எஸ் வந்துட்டா எல்லாம் சரியாகிடுமா? ஏ.பி.எஸ்-ஸோட வேலை சக்கரம் லாக் ஆகி வழுக்காம பார்த்துக்கறது. சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துற உராய்வைக் கொடுக்கிறது பேட்தான். பேட் தேய்ஞ்சு உலோகத் தகடு மட்டும் மிச்சம் இருந்தா, எவ்வளவு விலை உயர்ந்த எலெக்ட்ரானிக்ஸும் உங்களைக் காப்பாத்தாது. இன்னொரு விஷயம், விதி புது வண்டிக்குத்தான். நீங்க இன்னிக்கு ஓட்டிக்கிட்டு இருக்கிற பி.ஒய்-02 பைக்கை அது தொடாது.

15 வருஷ இடைவெளி

லாரி, பஸ், ஆட்டோன்னா எஃப்.சி காட்டணும். புது வண்டிக்கு முதல் 8 வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். சொந்த பைக்குக்கு அப்படி எதுவும் கிடையாது. ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷத்துக்குச் செல்லும். அது முடிஞ்சு புதுப்பிக்கப் போகும்போதுதான் அதிகாரி வண்டியைப் பார்ப்பார். நடுவுல கேட்கிற ஒரே சான்று மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று. அதாவது, உங்க வண்டி எவ்வளவு புகை விடுதுன்னு அரசுக்குத் தெரியும். அது நிக்குமா நிக்காதான்னு தெரியாது!

பிரிட்டனில் வண்டிக்கு 3 வயசு ஆனதும் ஒவ்வொரு வருஷமும் எம்.ஓ.டி சோதனைக்குப் போகணும். பைக்கும் விதிவிலக்கு இல்லை, பிரேக்கையும் பார்ப்பார்கள். ஜப்பானில் 250 சி.சி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 'ஷாக்கேன்' என்ற கட்டாயச் சோதனை உண்டு. நம்ம நாட்டுல கோடிக்கணக்கான டூ-வீலர்களை வரிசையில் நிக்க வெச்சா ஆர்.டி.ஓ அலுவலகம் தாங்காது, இடைத்தரகர்களுக்குத்தான் கொண்டாட்டம் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கு. ஆனால், புகை டெஸ்ட் எடுக்கிற இடம் ஏற்கெனவே ஊர் ஊரா இருக்கு. அங்கேயே டார்ச் அடிச்சு பேட் தடிமனையும் பார்த்து ஒரு வரி எழுதிக் கொடுக்கலாமே? பெரிய செலவு இல்லாத யோசனை. அதுவரைக்கும் உங்க பைக்குக்கு எஃப்.சி பார்க்கிற அதிகாரி நீங்கதான்.

ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 60 கி.மீ வேகம். நல்ல பிரேக் உள்ள பைக் ஒவ்வொரு நொடியும் வேகத்தை விநாடிக்கு 6 மீட்டர் வீதம் குறைக்குதுன்னு வெச்சுக்குவோம். பிரேக் பிடிச்ச இடத்தில் இருந்து சுமார் 23 மீட்டரில் நின்னுடும். மோசமான பேட் உள்ள பைக்கில் அந்த 6, 4 ஆகக் குறையுதுன்னா, நிக்க சுமார் 35 மீட்டர் வேணும்.

'12 மீட்டர்தானே'ன்னு தோணும். ஆனா, முதல் பைக் முழுசா நின்ன அதே இடத்தை ரெண்டாவது பைக் தாண்டும்போது அதோட வேகம் இன்னும் மணிக்கு 35 கி.மீ. ஒருத்தர் நின்னு மூச்சு விடுற இடத்தில் இன்னொருத்தர் 35-ல் போய் மோதுகிறார். பேட்டோட வித்தியாசம் இதுதான்.

நம்ம ஊர் தனி ரகம்

மலைப் பாதையில் இறங்குற பைக்குக்கு பேட் சீக்கிரம் தேயும். காரைக்கால் பகுதி முழுக்க சமதளம். அதனால பேட் நிறைய நாள் வரும், கவலையில்லைன்னு நினைப்போம். ஆனா டெல்டா கடற்கரைக்குன்னு வேற எதிரிகள் இருக்காங்க.

முதல் எதிரி உப்புக் காத்து. கேலிப்பர் நகர்ந்து கொடுக்கிற பின்கள் துருப்பிடிச்சு இறுகிட்டா, ஒரு பக்க பேட் மட்டும் தேயும். வெளியில் தெரியுற பேட் நல்லா இருக்கும், உள்பக்கம் காலியாகியிருக்கும். ரெண்டாவது, சேறும் மணலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலோர ரோட்டுல ஓட்டினா அதெல்லாம் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல போய் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மூணாவது, அறுவடை சமயத்தில் ரோட்டுலயே காய வெச்சிருக்கிற நெல்லும் வைக்கோலும். அதுமேல பதறி பிரேக் அடிச்சா டயர் வழுக்கும். அங்க புது பேட்டும் உதவாது, முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கணும்.

இ-ஸ்கூட்டர் வெச்சிருக்கீங்களா? ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைக்கிற வசதி இருந்தா, பிரேக்குக்கு வேலை குறைவு. பேட் தேயாது, உண்மைதான். ஆனா அதிகம் பயன்படுத்தாத டிஸ்க்குல உப்புக் காத்து துருவைப் படிய வைக்கும், பின்கள் இறுகும். தேயலைன்னாலும் திறந்து பார்க்கணும்.

ரெண்டே நிமிஷம், போன் டார்ச் போதும்

* டிஸ்க் பிரேக்: கேலிப்பருக்குள் டார்ச் அடிச்சு ரெண்டு பக்க பேட்டையும் பாருங்க. உலோகத் தகடுக்கு மேல இருக்கிற உராய்வுப் பகுதி 2 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்திடுங்க. பேட்டுல கோடு மாதிரி ஒரு பள்ளம் இருந்தா, அது மறையுற நேரமே மாத்துற நேரம். உங்க வண்டியோட கையேட்டில் வேற அளவு போட்டிருந்தா அதையே எடுத்துக்குங்க.

* டிரம் பிரேக்: பின் சக்கர பிரேக் கையில் சின்ன அம்புக்குறி இருக்கும். பெடலை முழுசா அழுத்தும்போது அது தட்டில் உள்ள குறியைத் தொட்டா, ஷூவை மாத்தணும். நட்டை முறுக்கிக்கிட்டே போறது தீர்வு இல்லை.

* பிரேக் ஆயில்: பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானா இறங்கும். கசிவு இருந்தாலும் இறங்கும். அதனால, ஊத்திட்டுக் கிளம்பாம காரணத்தைப் பாருங்க. இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறினா அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிடும். கொதிச்சா லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கடலோர ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துறது நல்லது.

* சத்தம்: கீச்சுன்னு கத்தினா தூசியா இருக்கலாம். கரகரன்னு இரும்பு உரசுற சத்தம் வந்தா வண்டியை ஓரங்கட்டுங்க. அது டிஸ்க்கையே கீறிக்கிட்டு இருக்கு. பேட்டைவிட டிஸ்க் விலை பல மடங்கு.

எதை வாங்கணும்?

ஸ்பேர்ஸ் கடையில் 'ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா'ன்னு கேட்பாங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி வகைகளைத் தெரிஞ்சுக்கலாம்.

ஆர்கானிக் பேட் மென்மையா பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கைத் தேய்க்காது. சீக்கிரம் தேயும், சூடு ஏறினா பிடிப்பு குறையும். சின்டர்டு பேட் உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்தது. மழையிலும் சூட்டிலும் நல்லா பிடிக்கும், நீண்ட நாள் வரும், டிஸ்க்கை அதிகம் தேய்க்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல செமி-மெட்டாலிக். டவுனுக்குள்ளயும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை வரைக்கும் போய் வர்ற 100, 125 சி.சி வண்டிக்கு கம்பெனி பொருத்தின அதே வகையே போதும். 'ரேஸ் பேட்' போட்டா ஸ்டைல்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சில பேட்கள் சூடானால்தான் ஒழுங்கா பிடிக்கும். பால் வாங்கப் போற தூரத்துக்குள் அது சூடே ஆகாது.

பேட்டோட பின்பக்கமோ ஓரத்திலோ ரெண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். முதல் எழுத்து சாதாரண நிலையில் உராய்வு, ரெண்டாவது சூடான நிலையில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55, எச் அதுக்கும் மேலே. முதல் எழுத்தைவிட ரெண்டாவது குறைவா இருந்தா, சூட்டில் பிடிப்பு குறையும்னு அர்த்தம். எழுத்து மட்டுமே தரத்துக்கு உத்தரவாதம் இல்லை, ஆனா கேள்வி கேட்க அது உதவும்.

பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, விலை, மாதம், வருஷம் இருக்கான்னு பாருங்க. கியூ.ஆர் கோடு இருந்தா ஸ்கேன் பண்ணுங்க. பில் கண்டிப்பா வாங்குங்க. 2025 செப்டம்பர் 22 முதல் டூ-வீலர் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி 28-ல் இருந்து 18 சதவிகிதமாகக் குறைஞ்சிருக்கு. 'பில் போட்டா விலை ஏறும் தம்பி'ங்கிற பேச்சுக்கு இப்போ பலம் குறைவு. போலின்னு சந்தேகம் வந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிரேக் தொழிலுக்குப் பேர் போன சென்னை பாடியும் அம்பத்தூரும் நமக்குப் பக்கத்துல இருக்கும்போது, பேர் தெரியாத பாக்கெட்டை ஏன் நம்பணும்?

மெக்கானிக் தம்பிக்காகவும்...

இன்னொரு விஷயம், இது உங்களைவிட உங்க வண்டியைத் திறக்கிறவருக்கு முக்கியம். மலிவான லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்த நார் நுரையீரலுக்குள் போனா பல வருஷம் கழிச்சுப் புற்றுநோயைக் கொண்டு வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே முழுசா தடை செய்துவிட்டது. அமெரிக்கா 2024 மார்ச்சில், இன்னும் புழக்கத்தில் இருக்கிற ஒரே வகையான வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை விதியை அறிவித்தது. பிரேக்கும் அதில் அடக்கம். நம்ம நாட்டில் முழுத் தடை இல்லை. ஆகவே, பாக்கெட்டில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று போட்டிருக்கான்னு பார்க்க வேண்டியது வாங்குறவர்தான். டிரம்மைத் திறந்ததும் காத்து அடிச்சு தூசியை ஊதுற பழக்கம் பல கடைகள்ல இருக்கு. 'அண்ணே, ஈரத்துணியால துடைச்சிடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அங்க வேலை கத்துக்கிற பையனுக்கு நீங்க செய்ற பெரிய உதவி அது.

மாத்தின பிறகு

புது பேட் போட்டதும் லிவரை நாலைந்து தடவை அழுத்தி கெட்டியானதும் கிளம்புங்க. மறந்துட்டா முதல் பிரேக்கே பிடிக்காது. முதல் சில நாள், காலி ரோட்டில் மிதமான வேகத்தில் இருந்து மெதுவா, திரும்பத் திரும்ப பிரேக் பிடிச்சுப் பழக்குங்க. பேட்டும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு பொருந்த அது தேவை. டிஸ்க்குல செயின் ஆயிலோ பாலிஷோ பட்டுடக் கூடாது. பின்களுக்கு அதுக்கான கிரீஸ் வைக்கச் சொல்லுங்க. உப்புக் காத்து ஊர்ல அதைத் தவிர்க்கவே கூடாது.

பெட்ரோல் நாகையைவிட காரைக்கால்ல மலிவுன்னு எல்லையைத் தாண்டி வந்து டேங்க் நிரப்புற ஊர் நம்மளது. அந்த மிச்சத்தில் ஒரு செட் நல்ல பேட் தாராளமா வாங்கலாம். அடுத்த தடவை பங்க்ல வரிசையில் நிக்கும்போது, ரீல்ஸ் பார்க்கிற அதே போனோட டார்ச்சை ஒரு தடவை கேலிப்பர் பக்கம் திருப்புங்க. அந்த 2 மில்லிமீட்டர் இருக்கா?