உருவம் ஒரு கட்சி அல்ல

யான் சிஹோல்டைத் துரோகி என்று சொல்வது சிலருக்கு நவீனத்துவத்தின் அடையாளச் சீட்டாக இருந்து வந்திருக்கிறது. 1928ல் 'புதிய அச்சுக்கலை' என்று நூல் எழுதி, தலைப்பைப் பக்கத்தின் நடுவே நிறுத்தும் பழைய முறை காலாவதியாகிவிட்டது, முனைக்கோடுகள் அற்ற எழுத்தே இந்த யுகத்தின் எழுத்து என்று பிரகடனம் செய்தவர், பத்தாண்டுகளிலேயே அந்தப் பழைய முறைக்குத் திரும்பத் தொடங்கினார். 1946ல் மாக்ஸ் பில் சுவிஸ் அச்சுத் தொழில் பத்திரிகையில் அவரைத் தாக்கினார். சிஹோல்ட் அதிலேயே பதில் எழுதினார். இருவருமே தவறான கேள்வியைத்தான் விவாதித்தார்கள் என்பது என் கட்சி.

பில்லுக்குச் சமச்சீரைத் தொட்டவன் முன்னேற்றத்தைக் கைவிட்டவன். சிஹோல்டோ, தன் இளமைக் கொள்கையின் கண்டிப்பிலேயே நாஜிகளின் ஒழுங்கு வெறிக்கு உறவு கண்டார். 1933 மார்ச்சில் நாஜிகளால் கைது செய்யப்பட்டு, பிறகு பாசலுக்குத் தப்பி ஓட நேர்ந்தவர், கசப்பு புரிகிறது. ஆனால் வாதம் நிற்காது. பௌஹௌஸ் நாஜிகளின் நெருக்கடியில் மூடப்பட்டதும் அதே 1933ல்தான். தாங்கள் கொண்டாடிய கோதிக் எழுத்தை 1941ல் நாஜிகளே, யூத எழுத்து என்று பொய் சொல்லி விலக்கினார்கள். எழுத்தின் வளைவுக்குள் அரசியல் நிரந்தரமாகக் குடியிருக்கிறது என்று நம்புகிறவர்களை அந்த ஒரு உத்தரவே கேலி செய்கிறது.

பின் எங்கே பார்ப்பது? பயிற்சியில், வேலையில். 1902ல் லைப்ஸிக்கில் பெயர்ப்பலகை எழுதுகிறவரின் மகனாகப் பிறந்தவர் சிஹோல்ட். புதிய அச்சுக்கலைக்காரர்கள் பலர் ஓவியத்திலிருந்தும் கட்டடக் கலையிலிருந்தும் வந்தவர்கள். இவர் பேனா பிடித்து எழுத்தை எழுதிப் படித்தவர். 1923ல் வைமாரில் பௌஹௌஸ் கண்காட்சியைப் பார்த்துப் புரட்சிக்காரர் ஆனபோது, கை ஏற்கெனவே படித்து முடித்திருந்தது. மியூனிக்கில் அவர் செய்த சினிமாச் சுவரொட்டிகளில் ஒரு சாய்கோடுகூட வாய்வீச்சாக இல்லாததற்கு அதுதான் காரணம்.

1947 முதல் 1949 வரை பெங்குவினில் அவர் செய்ததைப் பாருங்கள். நாலே பக்கத்தில் அச்சுக் கோப்பு விதிகள். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி நெருக்கமாக இருக்க வேண்டும். முற்றுப்புள்ளிக்குப் பின் அதிக இடம் கூடாது. ஐந்நூறுக்கு மேற்பட்ட புத்தகங்களில் இதை நிறைவேற்ற அச்சுக் கோப்பவர்களோடு மல்லுக்கட்டினார். 1935ல் எட்வர்ட் யங் போட்ட மூன்று பட்டை அட்டையைத் தூக்கி எறிந்து தன் முத்திரையைக் குத்தவில்லை, இடைவெளிகளைத் திருத்தினார். 1967ல் வந்த அவருடைய ஸபோன் எழுத்து, கையால் கோத்தாலும், லைனோடைப்பில் ஆனாலும், மோனோடைப்பில் ஆனாலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்பதற்காகவே வரையப்பட்டது. உத்வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இது குமாஸ்தா வேலையாகத் தோன்றலாம். மலிவுப் பதிப்பு வாங்கும் முகம் தெரியாத வாசகனின் கண்ணைப் பற்றிய இந்தக் கவலையை நான் தார்மீகம் என்கிறேன்.

கைத்திறன் போதும், கொள்கை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் வசதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் எதுவும் அலங்காரத்துக்காக நிற்கக்கூடாது, அர்த்தத்துக்காக நிற்க வேண்டும் என்ற 1920களின் பிடிவாதம் இல்லாமல் பெங்குவினின் அந்த நாலு பக்கம் வந்திராது. மாறியது எழுத்தின் முகம்தான். கண்டிப்பு மாறவில்லை. பில் இதைப் பார்க்க மறுத்தார். சிஹோல்டே இதைப் பார்க்கத் தவறித் தன் இளமையை அநியாயமாகத் தண்டித்தார் என்பதுதான் வருத்தம்.

இது ஐரோப்பிய அச்சுக்கூடச் சண்டை, நமக்கென்ன என்று கேட்க முடியாது. யாப்பை விட்டவன் நவீனன், திரும்பத் தொட்டவன் பழமைவாதி என்று தீர்ப்பெழுதுவது நமக்கும் கைவந்த கலை. கவிதையைப் படிக்காமல் அதன் மேல் தொங்கும் பலகையைப் படித்துவிட்டு எழுதும் தீர்ப்பு அது. வரிக்கு நடுவே விழுந்த ஓட்டை கண்ணில் படாதவன் எந்தக் கட்சியில் இருந்தால் என்ன?