இயற்கைவழிப் பண்ணைகளில் பச்சைப்பாலின் தரம்: அமைப்பின் நிலைப்பாடு

இயற்கை வேளாண் சான்று ஒரு பண்ணையின் தீவனம், மேய்ச்சல், மருந்துப் பயன்பாடு ஆகியவற்றுக்கு உறுதி கூறுகிறதே தவிர, அங்கே கறக்கப்படும் பாலில் எவ்வளவு நுண்ணுயிரிகள் உள்ளன என்பதற்குப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே, பச்சைப்பாலின் தரத்தை அளவீட்டைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதும், சான்றைக் காப்பாற்றுவதற்காக நோயுற்ற மாட்டுக்கு மருந்து மறுக்கப்படக் கூடாது என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

அளவீடுகளுள் முதன்மையானது உடலணு எண்ணிக்கை. மடியில் தொற்று புகும்போது அதை எதிர்க்கத் திரளும் வெள்ளையணுக்களே பாலில் கலந்து இந்த எண்ணிக்கையை உயர்த்துகின்றன. பசும்பாலில் மில்லி லிட்டருக்கு 4,00,000 வரை ஐரோப்பிய ஒன்றியமும் 7,50,000 வரை அமெரிக்காவும் ஏற்கின்றன. நலமான மடியின் பாலில் இது பொதுவாக 2,00,000-ஐத் தாண்டாது என்பதால், அமெரிக்க வரம்பு மிகத் தாராளமானது என்றே கருத வேண்டியுள்ளது. வெளியே அறிகுறி காட்டாத மடிநோயில் பாலும் திரியாது, மடியும் வீங்காது. எனினும் ஒவ்வொரு காம்பின் பாலையும் சோதனைக் கரைசலுடன் தட்டில் கலந்து, அது கூழாகத் திரள்கிறதா எனப் பார்க்கும் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையைத் தொழுவத்திலேயே செய்ய முடியும் என்பதால், ஆய்வகம் தொலைவில் இருப்பது ஒரு சாக்காகாது.

எதிருயிரி மருந்து பெற்ற மாட்டின் பாலை இயற்கைவழிப் பாலாக விற்க அமெரிக்க விதிகள் இடந்தருவதில்லை. ஆனால் அந்தத் தகுதியைக் காக்கவென்று சிகிச்சையைத் தவிர்ப்பதையும் அதே விதிகள் தடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமோ வரம்புக்குட்பட்ட சிகிச்சையை அனுமதித்து, அதன்பின் பாலை விலக்கிவைக்கும் காலத்தை இரட்டிப்பாக்குகிறது. இரண்டாவது வழியையே இவ்வமைப்பு ஆதரிக்கிறது. ஏனெனில் மாட்டின் தகுதி நிரந்தரமாகப் போய்விடும் என்று அஞ்சும் பண்ணையாளர் சிகிச்சையைத் தள்ளிப்போட நேரும், தள்ளிப்போட்ட மடிநோயோ கறப்பவர் கைவழியாகவும் கறவை இயந்திரத்தின் வழியாகவும் மற்ற மாடுகளுக்குப் பரவக்கூடும்.

தடுப்பு முறைகளில் புதுமை ஏதுமில்லை: காம்பைக் கழுவி ஈரம் போகத் துடைப்பதும், முதற்பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் பார்ப்பதும், கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் நனைப்பதும், காம்புத்துளை மூடும்வரை மாடு படுக்காதபடி தீவனமிடுவதும், பாலை விரைந்து 4 பாகை செல்சியசுக்குக் குளிர்விப்பதுமே அவை. குளிர்ச்சி நுண்ணுயிரிகளின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துமேயன்றி அவற்றைக் கொல்லாது. எனவே இயற்கைவழிப் பாலையும் காய்ச்சியோ பாஸ்டர் முறையில் சூடேற்றியோதான் அருந்த வேண்டும்.

இந்தியாவில் பால் விலை பெரும்பாலும் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் வைத்தே வகுக்கப்படுகிறது. கொள்முதல் செய்வோர் உடலணு எண்ணிக்கைக்கும் விலையில் இடமளிக்க வேண்டும் என இவ்வமைப்பு கோருகிறது.