சேதமுற்ற கப்பலின் வலுவைக் கணிப்பது யார்?

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்எஸ்சி எல்சா 3' சரக்குக் கப்பல், 2025 மே 24-ஆம் தேதி நடுக்கடலில் 26 டிகிரி சாய்ந்தது. ஊழியர்கள் 24 பேரில் 21 பேர் அன்றே மீட்கப்பட்டனர். மீட்புப் பணிக்கு உதவ மூவர் கப்பலிலேயே இருந்தனர். மறுநாள் காலை அவர்களைக் கடற்படை காப்பாற்றியது. 640 கண்டெய்னர்களுடன் கப்பல் மூழ்கியது. மூவரை அங்கே இருக்கவிட்டது எந்தக் கணிப்பின் பேரில் என்பதை விசாரணை விளக்கியாக வேண்டும்.

மூழ்கிய கப்பலின் பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரையில் குவிந்தன. குமரி மாவட்டத்தையும் அவை விடவில்லை. ரூ.9,531 கோடி இழப்பீடு கோரி கேரள அரசு உயர் நீதிமன்றம் சென்றது. இழப்பீடு அவசியம்தான். ஆனால், அது விபத்துக்குப் பிந்தைய கணக்கு. முந்தைய கணக்கு ஒன்று உண்டு.

சேதமுற்ற கப்பல் இன்னும் எவ்வளவு சாய்ந்தால் கவிழும், அதன் உடற்கூடு அலைகளின் வளைவை எதுவரை தாங்கும் என்ற இரண்டையும் சில மணி நேரத்துக்குள் கணித்தாக வேண்டும். தீப்பிடித்த கப்பல் என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். எஃகு சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி வலுவை இழக்கிறது; தீயணைக்கப் பீய்ச்சும் நீரே உள்ளே தேங்கிப் பாரமாகிறது. 2025 ஜூன் 9-ஆம் தேதி கேரளக் கடலில் 'வான் ஹாய் 503' தீப்பற்றியபோது மீட்புக் குழுவினர் எதிர்கொண்டது இத்தகைய நிலைமையைத்தான்.

5,000 டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் எண்ணெய்க் கப்பல்கள், இக்கணிப்பைக் கணினியில் செய்து தரும் கரையோர ஏற்பாட்டை எந்நேரமும் அணுகும் வசதி பெற்றிருக்க வேண்டும் என்கிறது 'மார்போல்' சர்வதேச உடன்படிக்கை. கண்டெய்னர் கப்பல்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. எல்சாவில் 12 கண்டெய்னர்களில் கால்சியம் கார்பைடு இருந்தது. எரிபொருளாக 367 டன் உலை எண்ணெயும் இருந்தது. ஆபத்து எண்ணெய்க் கப்பலுக்கு மட்டும் உரியதா?

துல்லியமான கணிப்பின்றி எடுக்கும் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 'பிரெஸ்டீஜ்' சாட்சி. 2002 நவம்பரில் சேதமுற்ற அந்த எண்ணெய்க் கப்பலுக்கு அடைக்கலம் தராமல் ஸ்பெயின் ஆழ்கடலுக்கு விரட்டியது. ஆறாம் நாள் அது இரண்டாகப் பிளந்தது. அதன் எண்ணெய் கரைக்கே திரும்பி வந்தது.

வான் ஹாய் தீப்பற்றிய அதே நாளில்தான், சுமார் 400 மீட்டர் நீளமுள்ள 'எம்எஸ்சி ஐரினா' விழிஞ்ஞத்தில் கரை கண்டது. இத்தகைய பெருங்கப்பல்களை வரவேற்கும் மத்திய அரசு, 2025-ல் நிறைவேறிய புதிய வணிகக் கப்பல் சட்டத்தின் விதிகளிலேயே கண்டெய்னர் கப்பல்களுக்கும் இக்கணிப்பு வசதியைக் கட்டாயமாக்க வேண்டும். கப்பல் உரிமையாளர் அமர்த்தும் மீட்பு நிறுவனத்தின் சொல்லை மட்டும் நம்பியிராமல், அரசின் பொறியாளர்களும் தனியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் தேவையான கப்பல் வரைபடமும் சரக்கு விவரமும் துறைமுகத்தை விட்டுக் கப்பல் புறப்படும் முன்பே அவர்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.